அவசரம் ஒன்றும் இல்லை

நான் போன தீவுக்குப் பெயர் உண்டு. அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கால்வாய் வழியாகப் போனால், காயல் விரிகிற இடத்தில் நாலு பக்கமும் தண்ணீர் சூழக் கிடக்கிற ஒரு துண்டு நிலம் அது. மலையாளத்தில் துருத்து என்பார்கள். சுற்றி வரக் கால் மணி நேரம் போதும். முப்பது குடிசை இருந்தால் அதிகம். என் ஆயுளில் ஒரே ஒரு பகல் அங்கே இருந்திருக்கிறேன். அதிலும் பாதியைத் தூங்கிக் கழித்தேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. யுத்தம் தொடங்க இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருந்தது. நகரத்தில் பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸாக இருந்தேன். சொந்த ஊர் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, காற்றும் புழுதியும் நன்றாக விளைகிற ஒரு கிராமம். வேதக்கோயில் உபதேசியாருக்கு மூத்த மகள். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, தங்கைகளுக்கு ஒவ்வொருத்தியாக ஆகிக்கொண்டிருந்தது என்று சொன்னால் விஷயம் விளங்கும்.

அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது களைப்புதான். முகங்கள் மறந்துவிட்டன, கட்டில் எண்கள் மறந்துவிட்டன, குதிகாலில் தொடங்கி இடுப்பில் வந்து உட்காரும் அந்த வலி மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அறைக்குப் போவேன். செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே கட்டிலில் சாய்ந்து, ஒரு கால் செருப்போடு விடியும்வரை கிடந்திருக்கிறேன். யாராவது "சுகந்தன்னே?" என்று கேட்டால் எரிச்சல் வரும். சுகமாக இருப்பதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

மலையாளம் எனக்கு நன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷமாக அதிலேதான் முக்கச் சொல்லி, மூச்சுவிடச் சொல்லி, அழாதே என்று அதட்டிக்கொண்டிருந்தேன். வந்த புதிதில் மட்டும் ஒரு தடவை மானம் போனது. பிரசவித்த ஒருத்தியைக் காணவில்லை என்று அவள் புருஷனிடம், "நிங்ஙளுடெ சம்சாரம் எவிடெ?" என்று அதட்டலாகக் கேட்டேன். அவன் திருதிருவென்று விழித்தான். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. உன் பேச்சு எங்கே என்று கேட்டிருக்கிறேன், அதுவும் பாவம் ஒரு திக்குவாயனிடம். வார்டு முழுவதும் சிரித்தது. அதிலிருந்து எச்சரிக்கையாக இருந்தேன். தெரியாத சொல்லைத்தான் நான் எச்சரிக்கையோடு பார்த்தேன். தெரிந்த மாதிரி முகம் காட்டும் சொல்லை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒருநாள் காலை, இரவு டியூட்டி முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது மேட்ரனம்மா கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை. ஆனால் முன்னால் நிற்பவள் எத்தனை மணி நேரமாக நிற்கிறாள் என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. விஷயம் இதுதான். அந்தத் துருத்தில் மருத்துவச்சி கிடையாது. மழைக்காலத்தில் காயல் கொந்தளித்தால் அக்கரையிலிருந்து யாரும் போக முடியாது. தாயும் பிள்ளையுமாகச் சாகிறார்கள். அங்கே இருக்கிற ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் தங்கவைத்துப் பிரசவம் பார்க்கப் பழக்கி, திரும்ப அங்கேயே அனுப்பவேண்டும். ஓர் இடம்தான் இருக்கிறது. கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தவளாக இருக்கவேண்டும், வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். இன்றைக்கே போய் ஆளைப் பார்த்து, பத்திரத்தோடு வா என்றார். நாளைக்குப் போகிறேனே என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்குக்கூடத் தெம்பு இல்லாமல் சரி என்றேன்.

பழவங்காடி வரைக்கும் நடந்து, அங்கே ஒரு வண்டி பிடித்து வள்ளக்கடவுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் சொல்லி ஏற்பாடு செய்த வள்ளம் நின்றிருந்தது. வள்ளக்காரர் அந்தத் துருத்துக்காரரே. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். நான் ஓலைக் கூரைக்குக் கீழே பெட்டியில் தலையை வைத்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. வள்ளத்தைத் தள்ளுகிற கழுக்கோல் தண்ணீருக்குள் போகும் சத்தமும், அவர் வள்ளத்தின் ஓரத்தில் முன்னும் பின்னும் நடக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. இரண்டு பக்கமும் தென்னை, வாழை, துணி துவைக்கிறவர்கள், மறுபடியும் தென்னை. அழகான வழி என்று சொல்வார்கள். எனக்குக் கண் கூசியது.

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். கரையைத் தொடும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. தேங்காய் மட்டையைக் காயல் சேற்றில் மாதக்கணக்காகப் புதைத்து அழுகவிட்டு, எடுத்துத் தட்டி நார் எடுப்பதுதான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தடியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். குடிக்கிற தண்ணீர் அக்கரையிலிருந்து குடம் குடமாக வள்ளத்தில் வரவேண்டும். அதில் ஒரு செம்பை எனக்குக் கொடுத்தார்கள். நான் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு பூவரச மரத்தடியில் பாய் போட்டார்கள். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பயிற்சி விஷயத்தைச் சொன்னேன். ஒரு வருஷம் என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் ஒருத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதற்குள் எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

இருபத்தைந்து வயது இருக்கலாம். புருஷன் இறந்துபோய் அண்ணன் வீட்டில் இருந்தாள். சேற்றுத் தண்ணீரிலேயே கிடந்து கைவிரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. முதலில் இந்த நகத்தை வெட்டவைக்க வேண்டும் என்று என் தொழில் புத்தி சொன்னது. வாசிப்பாயா என்று கேட்டேன். என் பெட்டியைச் சுற்றியிருந்த பழைய பத்திரிகைத் தாளை எடுத்து, தடங்கல் இல்லாமல் வாசித்தாள். நாலாம் வகுப்பு வரை அக்கரைக்குப் போய்ப் படித்தாளாம். பிறகு நான் கேட்காமலே சொன்னாள். போன மழைக்காலத்தில் அக்காவுக்கு இவள்தான் பிரசவம் பார்த்தாள். வேறு ஆள் இல்லை. பிள்ளை பிழைத்துவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. ஒரு இரவும் ஒரு பகலும் காற்று ஓய்வதற்குக் காத்திருந்தார்கள். காற்று ஓய்ந்தபோது வள்ளத்தில் ஏற்ற அக்கா இல்லை.

"நஞ்சு விழாவிட்டால் என்ன செய்யவேண்டும்?" என்று மலையாளத்தில் என்னிடமே கேட்டாள். அங்கேயே, அந்தப் பாயிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள். அடிவயிற்றில் கையை வைத்து எப்படித் தேய்க்கவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று சொன்னேன். அவள் தன் வயிற்றிலேயே கையை வைத்துச் செய்து பார்த்தாள். நூறு பெண்களைப் பழக்கியிருக்கிறேன். இப்படிக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். இவள்தான் ஆள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மனசுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் சந்தோஷத்தை முகத்தில் காட்டவும் கொஞ்சம் உடம்பு வேண்டுமே.

சம்மதப் பத்திரத்தை நீட்டி, அண்ணன் கையெழுத்து வேண்டும் என்றேன். அவள் முகம் வாடியது.

"சேட்டன் அக்கரெ போயதா. வைகிட்டே வரூ. அது வரெ நில்க்காமோ, அம்மா?" என்று கேட்டாள். அண்ணன் அக்கரைக்குப் போயிருக்கிறான், சாயங்காலம்தான் வருவான், அதுவரை இருக்கமுடியுமா என்று கேட்கிறாள்.

எனக்கு அது பெரிய வரமாகத் தோன்றியது. சாயங்காலம் வரை இந்த மரத்தடியில் கிடக்கலாம். ஒருவரும் எழுப்பமாட்டார்கள். கண்ணை மூடி, மரத்தில் சாய்ந்துகொண்டு, போய்விட்டு மெதுவாக வா என்பதற்காகக் கையை அசைத்து, "அவசரம் ஒந்நும் இல்லா" என்றேன்.

அவள் ஒரு விநாடி நின்ற மாதிரி இருந்தது. பிறகு காலடிச் சத்தம் போவது கேட்டது. நான் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மரத்தடியில் ஒருவரும் இல்லை. பக்கத்துக் குடிசை வாசலில் ஒருத்தி மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எங்கே என்று அவளிடம் கேட்டேன். "பணிக்குப் போயி," என்றாள், தலையை நிமிர்த்தாமல். வேலைக்குப் போய்விட்டாளா? அண்ணன் வந்தானா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் வரவில்லையா என்றேன். "அவள் இனி எந்தினு வரணம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். இனி அவள் எதற்கு வரவேண்டும்? அந்தக் குரலில் இருந்த கசப்பை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, இத்தனை தூரம் வந்து, வெயிலில் காய்ந்து, இவளுக்காகக் காத்துக் கிடந்தால் இவள் நார் தட்டப் போய்விட்டாளாம். பயந்திருப்பாள், ஒரு வருஷம் என்றதும் மனசு மாறியிருக்கும், அதை நேரே வந்து சொல்ல வாய் இல்லை என்று நினைத்தேன். தட்டுகிற சத்தம் ஐம்பதடி தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எழுந்து போய், ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். வழி சேறாக இருந்தது. நாற்றம் வேறு. வள்ளக்காரரைக் கூப்பிட்டுப் புறப்படலாம் என்றேன்.

காயலுக்குள் கொஞ்ச தூரம் வந்த பிறகு, அதுவரை வாயைத் திறக்காத மனிதர் பேசினார்.

"எந்நாலும் நர்ஸம்மா, இத்ர தூரம் வந்நிட்டு அவளெ வேண்டாந்நு வெச்சல்லோ," என்றார். என்ன இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவளை வேண்டாம் என்று தள்ளிவிட்டீர்களே என்கிறார்.

"நானா? அவள்தானே வரவில்லை?" என்றேன். கோபத்தில் முழுத் தமிழாகவே வந்துவிட்டது.

அவர் கழுக்கோலை நிறுத்தினார். "அவசரம் இல்லெந்நு அம்ம தன்னெயல்லே பறஞ்ஞது? அவள் எத்ர கரஞ்ஞூ." நீங்களேதானே அவசரம் இல்லை என்று சொன்னீர்கள், அவள் எவ்வளவு அழுதாள் தெரியுமா என்றார்.

ஆமாம், சொன்னேன், அதற்கு ஏன் அழவேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. நமக்கு அவசரம் என்றால் பரபரப்பு. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, சந்தர்ப்பம். ஆஸ்பத்திரி நோட்டீசுகளில் நூறு தடவை வாசித்திருக்கிறேன். விழித்திருந்தால் என் நாக்கு சரியான சொல்லைத் தேடி எடுத்திருக்கும். தூக்கத்தில் வீட்டுத் தமிழ் அல்லவா வந்து விழுந்திருக்கிறது! அண்ணன் வரும்வரை இருப்பீர்களா என்று கேட்டவளிடம், கண்ணைக்கூடத் திறக்காமல், கையை விசிறி, உனக்கு இடம் ஒன்றும் கிடையாது போ என்று சொல்லியிருக்கிறேன். ஒரு விநாடி நின்றாளே, அது அதற்காகத்தான்.

வள்ளக்காரரிடம் விளக்கினேன். நான் சொன்னது தமிழில் என்றேன். அவர் வருத்தமாகச் சிரித்து, "அதினு திறுதிந்நு பறயணம்," என்றார். பரபரப்புக்குத் திறுதி என்று சொல்லவேண்டும் என எனக்குப் பாடம் சொன்னார். பிறகு கேட்டார்: "வள்ளம் திரிக்கட்டே?"

வள்ளத்தைத் திருப்பட்டுமா என்று கேட்கிறார். துருத்து கண்ணுக்குத் தெரிந்தது. கரையில் கட்டியிருந்த ஆடுகூடத் தெரிந்தது. எதிர்க்காற்று, திரும்பிப்போக அரை மணி நேரம் ஆகியிருக்கும். போய், அவளைத் தேடி, சமாதானம் சொல்லி, அண்ணன் வரும்வரை உட்கார்ந்து, கையெழுத்து வாங்கி, மறுபடியும் இதே தூரம். நான் கணக்குப் போட்டேன். முந்தின நாள் காலையிலிருந்து நான் படுக்கையைப் பார்க்கவில்லை. மறுநாள் மறுபடியும் டியூட்டி. கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருந்தது.

"வேண்டாம். நாளைக்குக் கடிதம் எழுதிவிடுகிறேன்," என்றேன்.

அவர் உடனே கழுக்கோலை ஊன்றவில்லை. நான் மனசை மாற்றிக்கொள்வேனோ என்று கொஞ்சம் பொறுத்தார். நான் ஓலைக் கூரைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். வள்ளம் தெற்கே போயிற்று.

மறுநாள் எழுதவும் செய்தேன். கூட வேலை செய்த ஒரு மலையாள நர்ஸை உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்து எழுதினேன். என் பிழையைச் சொல்லி, பத்திரத்தையும் கூடவே வைத்து, உடனே அண்ணனோடு வா என்று எழுதினேன். மேட்ரனம்மாவிடம், ஆள் கிடைத்துவிட்டாள், கையெழுத்து மட்டும் வரவேண்டும் என்றேன். ஏன் கையோடு வாங்கி வரவில்லை என்று கேட்டார். அண்ணன் ஊரில் இல்லை என்றேன். அது பொய் இல்லை. ஒரு சொல்லில் தடுக்கி விழுந்த கதையை, இந்தத் தடவை வார்டு சிரிப்பதற்காகச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. சனிக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்கு மேல் இடத்தைக் காலியாக வைக்கமுடியாது என்றார்.

துருத்துக்குத் தபால்காரர் போவதில்லை என்பது எனக்குத் தெரியாது. கடிதங்கள் அக்கரையில் ஒரு கடையில் கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போகிறவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். சனிக்கிழமை வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை, பொன்முடி எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு பெண் அந்த இடத்துக்குப் படுக்கைச் சுருட்டோடு வந்து சேர்ந்தாள். நல்ல பெண்தான். அவள் மேல் எனக்கு என்ன வருத்தம்?

திங்கட்கிழமை பகலில் வாசலில் உங்களைத் தேடி ஆள் வந்திருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். வெளுத்த முண்டு, புது ரவிக்கை, கையில் ஒரு தகரப்பெட்டி. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். நான் அவளிடம் நகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, கடிதத்திலும் எழுதவில்லை. அன்றைக்கு நான் அவள் விரல்களைப் பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றான். பத்திரத்தை நீட்டினாள். கையெழுத்துத் தெளிவாக இருந்தது.

அவளை அங்கேயே நிறுத்திவிட்டு மேட்ரனம்மாவிடம் ஓடினேன். அப்போதுதான் நடந்ததை முழுக்கச் சொன்னேன், அழுதும் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "வந்தவளைத் திருப்பி அனுப்பிவிட்டு இவளை எடுக்கட்டுமா? நீ போய் அந்தப் பெண்ணிடம் சொல்கிறாயா?" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் இவளுக்கே முதல் இடம் என்றார். அவரும் மனசாரத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வருஷம் யுத்தம் வந்துவிட்டது, பயிற்சியையே நிறுத்திவிட்டார்கள். அந்தத் துருத்திலிருந்து ஒருத்தியும் வரவில்லை.

வாசலுக்குத் திரும்பிப் போகிற அந்த வராந்தா எனக்கு எத்தனை நீளமாக இருந்தது! அவளிடம் சொன்னேன். இடம் போய்விட்டது, நேற்று ஒருத்தி வந்துவிட்டாள், அடுத்த வருஷம் வா என்றேன். அன்றைக்கு நான் சொன்னது தமிழ்ச் சொல், நீ புரிந்துகொண்டது வேறு, தப்பு என்னுடையது என்று மறுபடியும் விளக்க ஆரம்பித்தேன். நல்ல மலையாளத்தில் விளக்கினேன், ஒரு பிழை இல்லை.

அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"வாக்கு தெற்றியது போட்டெ, அம்மா," என்றாள். சொல் தவறியது போகட்டும். "வள்ளம் திரிக்கட்டேந்நு மாமன் சோதிச்சில்லே?"

திருப்பட்டுமா என்று அவர் கேட்டாரே என்கிறாள். வள்ளக்காரர் அவளுக்கு மாமன் முறை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், நான் எழுதுவதாகச் சொன்ன கடிதத்துக்காக இவள் காத்திருந்திருக்கிறாள்.

காற்று, நேரம், டியூட்டி என்று நாலு காரணம் நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது ஒன்றும் நிற்கவில்லை.

"எனிக்கு க்ஷீணமாயிருந்நு," என்றேன். எனக்குக் களைப்பாக இருந்தது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சேற்றில் உட்கார்ந்து தடியை ஓங்குகிறவள் அவள். களைப்பு என்றால் என்னவென்று நான் அவளுக்கா சொல்லவேண்டும்? அவள், புரிகிறது என்று தலையை ஆட்டினாள். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "அம்ம போயி கிடந்நோளூ," என்றாள். நீங்கள் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அண்ணனோடு வள்ளக்கடவை நோக்கி நடந்தாள்.